டயட்டீஷியன் ஆவது எப்படி?

"சாப்பாட்டைப் பற்றிப் படிக்க ஒரு பட்டமா?" டயட்டீஷியன் ஆக வேண்டும் என்று பேத்தி சொன்னதும் நான் கேட்டது இதுதான். டிப்ளமோ முடித்து ரயில்வேயில் பாலங்களோடு காலம் கழித்தவனுக்கு இன்ஜினீயரிங் ஒன்றே படிப்பு!

சென்ற ஆண்டு சர்க்கரை ஏறி, இங்கே டெல்லியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இட்லிக்கு முழுக்குப் போடச் சொல்வார்களோ என்று பயம். அங்கிருந்த டயட்டீஷியன் அம்மா என் அன்றாடச் சாப்பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டார். எடை, ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாவற்றையும் பார்த்துக் கணக்குப் போட்டார். இட்லி நிற்கவில்லை, எண்ணிக்கை குறைந்தது, சாம்பாரில் பருப்பும் காயும் கூடின. பாலம் தாங்கும் பாரத்தைக் கணக்கிடுவதற்கு இது இளைத்த வேலையல்ல என்று அன்று புரிந்தது.

வழி இதுதான்: பிளஸ் டூவில் அறிவியல், பிறகு ஹோம் சயன்ஸ் அல்லது ஊட்டச்சத்தில் பி.எஸ்ஸி.; அதன்மேல் எம்.எஸ்ஸி. அல்லது டயட்டெடிக்ஸ் டிப்ளமோ. டெல்லியில் 1932-ல் தொடங்கிய லேடி இர்வின் மகளிர் கல்லூரி இத்துறையில் பெயர் பெற்றது. அடுத்து ஆஸ்பத்திரிப் பயிற்சி, இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷனின் பதிவுத் தேர்வு. 2021-ம் ஆண்டுச் சட்டம் இவர்களையும் மருத்துவம் சார்ந்த தொழிலர்களாக ஏற்றிருக்கிறது.

நம் சமையலும் தெரிந்து, ஊர் மொழியும் பேசும் நம் பிள்ளைகளுக்கு இது ஏற்ற தொழில். பேத்தியின் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவன் நானே!