கடற்கரைக்குப் போகுமுன்...



ஆகஸ்டு மாதக் கடைசியில் தஞ்சை, திருவாரூர் சாலைகளில் காவியுடை அணிந்த திருப்பயணிகள் வேளாங்கண்ணி நோக்கி நடந்து செல்வதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஆகஸ்டு 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 அன்னையின் பிறப்பு விழா. சம்பாவுக்கு நாற்று விடும் காலம் அது. வயலை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு நடப்பவர்களும் உண்டு. மற்ற மாதங்களில் வேன் பிடித்துக் குடும்பத்தோடு போகிறோம். அப்படிப் போகும்போது பேராலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி, பிறகு நேரே கடற்கரை, மீன் வறுவல், கடைத்தெரு என்று பயணம் முடிந்துவிடுகிறது. கடலில் கால் நனைப்பதை நான் குறை சொல்லவில்லை. வயல்காட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் அதிசயம்தான். ஆனால் வேளாங்கண்ணி தொடங்கியது கடலில் அல்ல, குளக்கரையில்.

மரபுவழிச் செய்தி நமக்குத் தெரியும். 16-ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திற்குப் பால் கொண்டுபோன சிறுவன் ஒருவன், குளத்தருகே ஆலமர நிழலில் இளைப்பாறினான். குழந்தையோடு தோன்றிய அன்னை அவனிடம் பால் கேட்டார். கொடுத்தான். அந்த இடம் இன்று மாதா குளம். பின்னர் நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்குக் காட்சி. நடந்தே நாகப்பட்டினம் போய்ச் செய்தி சொன்னான். அங்கே கூரைக் கோயில் எழுந்தது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்தது 17-ஆம் நூற்றாண்டில். 1962-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் இக்கோயிலைப் பேராலயமாக உயர்த்தினார். முதலில் அன்னையைக் கண்டவர்கள் பாலும் மோரும் சுமந்த ஏழைப் பிள்ளைகள் என்பதை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன்.

மாலுமிகளைக் கரைசேர்த்த அதே கடல்தான் 2004 டிசம்பர் 26 அன்று ஊருக்குள் புகுந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பேராலயத்திற்குள் திருப்பலியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையிலும் கடைகளிலும் இருந்த திருப்பயணிகள் பல நூறு பேர் மாண்டார்கள். 'உள்ளே இருந்தவர்களை மாதா காப்பாற்றினார்' என்று இன்றும் சொல்கிறோம். பிழைத்தவர் நன்றியோடு அப்படிச் சொல்வது இயல்பு. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அதைக் கேட்டால்? வெளியே நின்றவர்களும் அன்னையைத் தேடி வந்தவர்கள்தானே. அவர்களில் முந்தைய திருப்பலியில் பங்கேற்றுவிட்டு வந்தவர்களும் இருந்திருப்பார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என எண்ண வேண்டாம் என்றார் ஆண்டவர் (லூக்கா 13). ஆகவே அந்த வாக்கியத்தை நான் மறையுரையில் சொல்வதில்லை. கடல் ஏன் பொங்கியது என்பதற்குச் சுமத்ராவின் கடலடி நிலநடுக்கம் காரணம். இவர் ஏன், அவர் ஏன் இல்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த முறை போகும்போது முதலில் மாதா குளத்திற்குச் செல்லுங்கள். அங்கிருந்து நடுத்திட்டு, பிறகு பேராலயம். முடிந்தால் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றுத் திருப்பலியில் பங்கேளுங்கள். கடற்கரைக்கு வந்ததும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே இறந்தவர்களுக்காகச் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லுங்கள். பிறகு கால் நனைக்கட்டும். ஆழத்திற்கு மட்டும் விடாதீர்கள், அலை இழுப்பு அதிகம்.