படர்தாமரைக்கு மெடிக்கல் ஷாப் க்ரீமா? உஷார்!

மயிலாப்பூர் மாட வீதியைச் சுற்றி, தி.நகரில் ஷாப்பிங்கும் முடித்து வீடு திரும்பினால் உடம்பெல்லாம் வியர்வை. தொடையிடுக்கில், இடுப்பில் வட்டவட்டமாக அரிக்கும் படர்தாமரைக்கு அந்த ஈரமே போதும். உடனே பலரும் மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கித் தடவுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு சீக்கிரமே அடங்கும். பூஞ்சையோ சத்தமில்லாமல் பரவும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் பரவியிருக்கும் 'டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே' என்ற பூஞ்சைக்கு, வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரை பல நேரம் வேலை செய்வதில்லை. மருந்து தாக்க வேண்டிய நொதியின் மரபணுவே மாறிவிடுவதுதான் காரணம். இந்திய, நேபாள நோயாளிகளிடம் கண்டறிந்து, 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் வைத்த பெயர் இது. 2023-ல் நியூயார்க்கிலும் இந்தத் தொற்று பதிவானது.

தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இருப்பது தெரியும். எந்த வகை என்பதை மரபணுப் பரிசோதனைதான் உறுதிசெய்யும். டெர்பினாஃபின் கேட்காதவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் இட்ரகோனஸோல் தருகிறார்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். கல்லீரல், இதயப் பிரச்னை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரிப்பு நின்றதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். துண்டு, உள்ளாடைகளைத் தனியாகத் துவைத்து, வெயிலில் காயவையுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால், அவரையும் கையோடு டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.