சீராக்கின் ஞானமும் மாதரும்

ஒரு நூலினின்று ஒரு வாக்கியத்தைப் பிரித்தெடுத்து, அதுவே அந்நூலின் கருத்தெனச் சாதித்தல் எளிது. அதனால் விளையுந் தீங்கோ பெரிது. இதற்குச் சீராக்கின் ஞானம் என்னும் யூத நீதிநூலையே சான்றாகக் காட்டுவோம்.

இந்நூல் கி.மு. 180-ஆம் ஆண்டையொட்டி எருசலேமில் எபிரேய மொழியில் இயற்றப்பட்டது. ஆசிரியர் வாலிபர்க்கு நெறி புகட்டிய ஓர் ஆசான். அவர்தம் பேரர் கி.மு. 132-இல் எகிப்து சேர்ந்து, பின்னர் இதனைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். கத்தோலிக்கர் இதனை வேதநூல்களுள் ஒன்றாகக் கொள்வர். யூதரும் சீர்திருத்தச் சபையாரும் அங்ஙனம் கொள்வதில்லை.

மாதரைக் குறித்து இந்நூல் இருவகையாய்ப் பேசுகின்றது. தாய் பட்ட பிரசவ வேதனையை மறவாதிருக்கப் பணிக்கின்றது. நல்ல மனைவி வாய்த்தவனைப் பாக்கியவான் என்கின்றது. ஆயினும் 25, 42-ஆம் அதிகாரங்களில் மாதரைக் கடுமையாய்ப் பழிக்கின்றது. அப்பழிப்பை நாம் மூடி மறைத்தல் தகாது. பேசியவர் ஆடவர், எதிரிருந்து கேட்டோரும் ஆடவரே. மாதர் தரப்பை எடுத்துரைப்பார் அவ்விடத்தில் இலர்.

15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் வெளிவந்த ‘மல்லேயஸ் மலெபிக்காரும்’ என்னும் லத்தீன் நூல், 25-ஆம் அதிகாரத்து வசைமொழிகளை எடுத்தாண்டு, சூனியக் குற்றத்திற்கு மாதரே பெரிதும் உரியர் என வாதித்தது. நல்ல மனைவியின் புகழ்ச்சியையும் அது குறித்ததாயினும், பழிப்பே படைக்கலமாயிற்று.

இவ்வபாயத்தை, 2017-இல் தொடங்கிய ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் கண்முன் நிறுத்திற்று. அதிற் காணும் கற்பனை அரசின் தலைவர்கள், ஆதியாகமத்து ராகேல், பில்காள் சரிதையை வாசித்தே அடிமைப் பெண்களைப் பிள்ளை பெறுங் கருவிகளாக்குகின்றனர். சீராக்கின் நூலன்று அது, செயல்முறை ஒன்றே.

இனி ஒரு வியப்பு. சீராக்கின் எபிரேய மூலம் பன்னூற்றாண்டுகளாய் அறிஞர் கைக்கு எட்டாதிருந்தது. 1896-இல் அக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்ஸன் என்னும் இரட்டைச் சகோதரியர் கீழ்நாட்டு யாத்திரையினின்று கேம்பிரிட்ஜுக்குக் கொணர்ந்த ஏடுகளுள் ஒன்றை அம்மூலத்தின் பகுதியென சாலமன் ஷெக்டர் கண்டறிந்தார். அவர் பின்னர்க் கெய்ரோ சென்று ஜெபாலய ஏட்டறையினின்று திரளான ஏடுகளைக் கொணர்ந்தார். 1964-இல் மசாதாவிலும் அந்நூலின் ஒரு சுருள் கிடைத்தது. இன்று மூலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு நம் கையில் உளது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமோ மாதர்க்கு முழுப் பட்டம் அளிக்கத் தொடங்கியது 1948-இலேதான். மாதரைப் பழித்த நூலின் மூலம் மீண்டு வர வழி திறந்தவர், பட்டம் பெற வாயிலற்றிருந்த இரு மாதரே. அந்நூலை முழுதும் கற்போம். அதன் பழிப்புக்கு விடையளித்தவர் வரலாற்றையும் உடன் கற்போமாக.