கர்ப்பகாலத்துக்கு ஒரு புத்தகம்: வாங்கும் முன் எதைப் புரட்டிப் பார்ப்பது?

இரவு பதினொரு மணிக்குத் தங்கை தொலைபேசி எடுத்தாள். அப்போது அவளுக்கு 34ஆவது வாரம். "அண்ணா, மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளை துடிக்கிறது குறைஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றாள். பின்னால் மச்சான் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்த கர்ப்பகால வழிகாட்டி நூல் அது. மாதம் மாதமாகப் பிரித்து எழுதப்பட்ட, வண்ணப் படங்கள் நிறைந்த, நல்ல கனமான புத்தகம். ஆனால் 'அசைவு' என்ற சொல்லைத் தேடிப் பிடிக்க அதில் சொல்லடைவு இல்லை. கால் மணிநேரம் தேடிய பிறகு ஒன்பதாம் மாதத்துக்கான அத்தியாயத்தில் ஒரு வரி அகப்பட்டது. கடைசி நாட்களில் கருப்பையில் இடம் போதாததால் அசைவு குறையும், பயப்படத் தேவையில்லை என்பது அதன் சாரம்.

அம்மா அந்த வரியை நம்பவில்லை. "புத்தகத்தை மூடிவைச்சிட்டு வெளிக்கிடுங்கோ" என்றார். வைத்தியசாலையில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார்கள். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஆனால் புத்தகம் சொன்னது பிழை. மாதம் ஏற ஏற அசைவின் தன்மை மாறலாம். உதைப்பது குறைந்து புரள்வதும் நெளிவதும் கூடலாம். எண்ணிக்கை குறையக்கூடாது. பிரசவ வலி தொடங்கும் வரைக்கும் குழந்தை வழக்கம்போல அசைய வேண்டும். குறைந்தால் அது உடனே பரிசோதிக்க வேண்டிய அறிகுறி. குழந்தைக்கு ஒட்சிசன் போதாமல் போவதை வெளியே காட்டும் மிகச் சில அடையாளங்களில் அதுவும் ஒன்று.

அதன் பிறகு, எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை. கடையில் நின்று எப்படிப் புரட்டிப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் பின்பக்கத்தைத் திறவுங்கள். சொல்லடைவு இருக்கிறதா? இருந்தால் 'தலையிடி' என்று தேடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் விடை கிடைக்க வேண்டும். கர்ப்பத்தில் தலையிடி சாதாரணமாகவும் வரும். உயிருக்கு ஆபத்தான நோயின் அறிகுறியாகவும் வரும். 20 வாரங்களுக்குப் பிறகு கடுமையான தலையிடி, கண் மங்கல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், வலது விலாவின் கீழ் நோவு என்பன தோன்றினால் அது கர்ப்பகால உயர் குருதி அமுக்கம் முற்றிய நிலையாக இருக்கலாம். கவனிக்காது விட்டால் வலிப்பில் போய் முடியும். நல்ல புத்தகம், எதற்கு அடுத்த கிளினிக் வரை பொறுக்கலாம், எதற்கு இன்றிரவே போக வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்லும். பல புத்தகங்கள் சத்திக்கும் நெஞ்செரிவுக்கும் பத்துப் பக்கம் ஒதுக்கிவிட்டு, இரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல், காய்ச்சல் ஆகியவற்றுக்கு வரும்போது 'வைத்தியரை அணுகவும்' என்ற ஒரே வரியுடன் நகர்ந்துவிடுகின்றன. எவ்வளவு நேரத்துக்குள் அணுகுவது என்பதல்லவா கேள்வி?

அடுத்தது பதிப்பாண்டு. அக்கா வைத்திருந்தது, சித்தி வைத்திருந்தது என்று இரவலாக வரும் புத்தகங்களில்தான் இந்தச் சிக்கல் கூட. மருத்துவ அறிவுரை எவ்வளவு தூரம் மாறக்கூடும் என்பதற்கு டொக்டர் பெஞ்சமின் ஸ்பொக்கின் குழந்தை வளர்ப்பு நூல் ஓர் உதாரணம். 1946இல் முதலில் வந்து, உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற புத்தகம் அது. 1950களின் நடுப்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து அவர் குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதை ஆதரித்தார். மல்லாந்து படுத்த குழந்தை சத்தி எடுத்தால் மூச்சடைக்கும் என்பது அவர் சொன்ன காரணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குப்புறப் படுப்பது தூக்கத்தில் திடீர் மரணம் நேரும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று பின்னர் தெளிவானது. அமெரிக்காவில் 1994இல் குழந்தைகளை மல்லாந்து படுக்க வைக்கும்படி நாடளாவிய பிரசாரமே நடத்த வேண்டியிருந்தது. அந்தப் பழைய பதிப்பு ஒரு வீட்டு அலுமாரியில் இருந்தால், அது இன்னமும் பழைய அறிவுரையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

பதிப்பாண்டு அச்சிடப்படாத, அல்லது 'மறுபதிப்பு' என்று மட்டும் போட்ட புத்தகங்களுக்கு வேறு சோதனை உண்டு. கர்ப்பகாலத்தில் நான்கு முறை பரிசோதனைக்குச் சென்றால் போதும் என்று எழுதியிருந்தால் அது பழையது; உலக சுகாதார நிறுவனம் 2016இல் அதைக் குறைந்தது எட்டாக்கியது. பிரசவ அத்தியாயத்தையும் பாருங்கள். மயிர் மழித்தலும் எனிமா கொடுத்தலும் எல்லோருக்கும் கட்டாயம், கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் விரிந்தே ஆகவேண்டும் என்றெல்லாம் சொன்னால், 2018இல் அதே நிறுவனம் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டல் அந்த ஆசிரியரின் கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தமிழில் கிடைக்கும் கர்ப்பகாலப் புத்தகங்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் அச்சானவை. அது குறையல்ல. சில மிகத் தெளிவாக எழுதப்பட்டவை. ஆனால் அவை அங்குள்ள வாசகருக்காக எழுதப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. அவசரத்துக்கு 108 ஐ அழைக்கச் சொல்லும்; இங்கே 1990 சுவசெரிய. பிரசவ விடுமுறை 26 வாரம் என்று சொல்லும். இங்கே பொதுவாக 84 வேலைநாட்கள். தடுப்பூசி அட்டவணைதான் அதிகம் குழப்பக்கூடியது. இந்திய அட்டவணையில் ஐங்கூட்டுத் தடுப்பூசி 6, 10, 14ஆவது வாரங்களில் வருகிறது. இலங்கையில் 2, 4, 6ஆவது மாதங்களில். இதை அறியாத தாய், ஆறு வாரமாகியும் பிள்ளைக்கு ஊசி போடவில்லையே என்று பதறுவாள். சொற்களும் மாறும். அவர்கள் ரணஜன்னி என்பதுதான் எங்கள் ஏற்புவலி. கிளினிக்கில் "ஏற்புவலி ஊசி போட்டாச்சுதா?" என்று கேட்கும்போது இரண்டும் ஒன்றென்று தெரிந்திருந்தால் நல்லது.

ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது, 1984இல் வெளிவந்து இன்றுவரை திருத்தப்பட்டுவரும் 'வட் டு எக்ஸ்பெக்ற் வென் யூ ஆர் எக்ஸ்பெக்ரிங்' நூலை. உடலில் நடப்பவற்றை அது விரிவாகச் சொல்கிறது. ஆனால் வைத்தியரைத் தெரிவு செய்தல், காப்புறுதி, பிரசவ அறை ஏற்பாடு என்று பேசும் பகுதிகள் அமெரிக்க முறைக்கு உரியவை. எங்களுடைய பிரசவங்களில் மிகப் பெரும்பாலானவை அரச வைத்தியசாலைகளில் நடக்கின்றன. வலி நேரத்தில் கூட யார் நிற்கலாம் என்பதுகூட வைத்தியசாலைக்கு வைத்தியசாலை மாறும். அதை எந்தப் புத்தகத்திலும் தேடிப் பயனில்லை. கிளினிக்கில்தான் கேட்க வேண்டும்.

சாப்பாட்டு அத்தியாயம் ஒரு புத்தகத்தின் தரத்தைச் சட்டென்று காட்டிக் கொடுத்துவிடும். பப்பாசி தொடவே கூடாது, அன்னாசி தொடவே கூடாது, குங்குமப்பூ குடித்தால் பிள்ளை வெள்ளையாகப் பிறக்கும் என்று எழுதியிருந்தால் புத்தகத்தை அலுமாரியிலேயே திரும்ப வைத்துவிடலாம். நன்றாகப் பழுத்த பப்பாசியில் தவறில்லை. பால் வடியும் காயைத் தவிர்க்கச் சொல்வதில் நியாயம் உண்டு. இந்த வேறுபாட்டைச் சொல்லும் புத்தகமே நம்பத்தக்கது. எங்கள் வீடுகளில் இதைவிடப் பெரிய பிரச்சினை பிளேன்ரீ. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் அந்த இரும்பு உடலில் சேர்வது வெகுவாகக் குறையும். கல்சியம் மாத்திரையையும் அதே வேளையில் எடுக்கக்கூடாது. குருதிச்சோகை பரவலாக உள்ள நாட்டில் குங்குமப்பூவை விட இந்தத் தகவலுக்குப் பெறுமதி கூட. போலிக் அமிலம் பற்றி என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவில், கருத்தரிக்க முன்னரே தொடங்கி முதல் 12 வாரங்களுக்கு எடுக்க வேண்டியது அது. குழந்தையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் முதல் சில வாரங்களிலேயே மூடிவிடுகிறது. ஆகவே, பிள்ளைக்கு ஆசைப்படத் தொடங்கும்போதே வாங்குவதுதான் புத்தகத்துக்கும் நல்லது.

எல்லோருக்கும் ஒரே நிறைக்கணக்குச் சொல்லும் புத்தகத்திலும் கவனம் தேவை. எவ்வளவு நிறை கூடலாம் என்பது கர்ப்பத்துக்கு முன் இருந்த உடல் திணிவுச் சுட்டியைப் பொறுத்தது. பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கின்படி மெலிந்த பெண் 12.5 முதல் 18 கிலோ வரை கூடலாம். மிகப் பருமனான பெண்ணுக்கு 5 முதல் 9 கிலோ போதும். 'இருவருக்காகச் சாப்பிடு' என்று மாமியார் சொல்வதைப் புத்தகமும் சொன்னால் பிறகு எதற்குப் புத்தகம்?

வாரக் கணக்கு பற்றி ஒரு சிறு குறிப்பு. எங்கள் வீடுகளில் பத்து மாதம் என்கிறோம், கிளினிக்கில் 40 வாரம் என்கிறார்கள். அந்த 40 வாரம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவது. ஸ்கான் அறிக்கையில் 'ஆறு வாரம்' என்றிருந்தால் கரு உருவாகி ஏறத்தாழ நான்கு வாரம்தான். வாரக் கணக்கில் எழுதப்பட்ட புத்தகத்தைக் கிளினிக் அட்டையோடு பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

இலவசமாகக் கிடைக்கும் கையேடுகளின் கடைசி அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பால்மா நிறுவனத்தின் இலச்சினை இருந்தால், உள்ளே தாய்ப்பால் பற்றி எவ்வளவு இனிமையாக எழுதியிருந்தாலும் அது விளம்பரமே. தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாக்களைப் பொதுமக்களிடம் இப்படிச் சந்தைப்படுத்தக் கூடாது என்று உலக சுகாதாரப் பேரவை 1981இலேயே விதிக்கோவை கொண்டுவந்துவிட்டது.

பிரசவத்துக்குப் பின்னான மனநிலை பற்றி ஒரு அத்தியாயமாவது இருக்க வேண்டும். அதைக் கணவரும் படிக்க வேண்டும். முதல் நாட்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் நீடித்தால், பிள்ளையைத் தூக்கவே மனமில்லாமல் போனால், வாழ்வதில் பயனில்லை என்ற பேச்சு வந்தால், அது சிகிச்சை தேவைப்படும் நோய். 'பிள்ளை பெத்தவள் எல்லாரும் இப்படித்தான்' என்று பத்தியக்கறி வைத்துக் கொடுத்தால் தீராது. முதலில் கவனிக்கக்கூடியவர் அதே வீட்டில் இருப்பவர்தான். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அட்டையில் எழுதி வைக்கலாம்.

கடையில் விற்காத ஒரு புத்தகமும் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிந்ததும் கிடைக்கும் எச் 512 என்ற கர்ப்பகாலப் பதிவேடுதான் அது. குருதி அமுக்கம், நிறை, கருப்பையின் உயரம், குருதிப் பரிசோதனை முடிவுகள் என்று அந்தத் தாய்க்கு மட்டுமே உரிய விபரங்கள் அதில் இருக்கின்றன. வாங்கிய புத்தகத்தில் புரியாத இடங்களைப் பென்சிலால் கோடிட்டு, இந்தப் பதிவேட்டோடு கிளினிக்குக் கொண்டுபோய் மருத்துவ மாதுவிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும்போதும் கேட்கலாம்.

தங்கையின் மகள் இப்போது தவழ்கிறாள். அந்தக் கனமான புத்தகத்தைப் போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை இரவல் கேட்டாள். ஒன்பதாம் மாத அத்தியாயத்தில் அந்த வரியைச் சிவப்புப் பேனையால் குறுக்கே கீறி, ஓரத்தில் 'பிழை. அசைவு குறைஞ்சால் உடனே போ' என்று எழுதிய பிறகுதான் தங்கை அதைக் கொடுத்தாள்.