சொல்லாமலே மெய்ப்பிக்க முடியுமா?



"எனக்கு ஓர் இரகசியம் தெரியும்" என்று ஒருவர் சொன்னால், "எங்கே, சொல் பார்ப்போம்" என்கிறோம். சொன்னால்தான் நம்புவோம், சொல்லிவிட்டாலோ அது இரகசியமே அல்ல. இரகசியத்தை வெளியிடாமலே, அது தமக்குத் தெரியும் என்று மெய்ப்பிக்க வழி உண்டா? உண்டு என்று 1985-ஆம் ஆண்டில் ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்ல்ஸ் ராக்காஃப் என்னும் மூன்று கணினி அறிஞர்கள் காட்டினர். இதற்குப் 'பூஜ்ய அறிவு நிரூபணம்' என்று பெயர்.

இதை விளக்க ஒரு குகைக் கதை சொல்வார்கள். குகைக்குள் பாதை இடம், வலம் எனப் பிரிகிறது. இரண்டு பாதைகளும் உள்ளே ஒரே கதவின் இரு பக்கங்களில் முடிகின்றன. மந்திரச் சொல்லைச் சொன்னால்தான் கதவு திறக்கும். சொல் தெரிந்தவர் ஏதோ ஒரு பாதையில் உள்ளே போகிறார். எந்தப் பாதை என்பதைச் சோதிப்பவர் பார்ப்பதில்லை. பிறகு அவர் பாதை பிரியும் இடத்தில் நின்று, "வலப்பக்கமாக வாரும்" என்றோ "இடப்பக்கமாக வாரும்" என்றோ அழைக்கிறார். சொல் தெரிந்தவர் எப்போதும் கேட்ட பக்கமாகவே வருவார். தெரியாதவர் ஒருமுறை தற்செயலாகத் தப்பலாம். தொடர்ந்து 20 முறை தப்ப, 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. சோதித்தவரின் ஐயம் தீர்ந்தது; மந்திரச் சொல்லோ அவர் காதில் விழவே இல்லை!

பிறந்த தேதியைக் காட்டாமலே, 18 வயது நிறைந்தவர் என்பதை மட்டும் மெய்ப்பிக்க இம்முறை இன்று உதவுகிறது.

நம்மிடம் ஒரு தாய் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வருகிறார். கணவர் ஏன் பிரிந்தார், கடன் எப்படி வந்தது என்று நாலுபேர் முன்னிலையில் விசாரிக்கிறோம். உண்மையா என்று பார்ப்பது நம் கடமைதான். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டுமே. ஆனால் அதற்குப் பள்ளி தந்த கட்டணச் சீட்டு போதாதா?

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் (யோவான் 8) இயேசு, யாரோடு, எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. பாவத்தை அவர் சரியென்று சொல்லவும் இல்லை. இனிப் பாவம் செய்யாதிருக்கச் சொல்லி அனுப்பினார். அவரது கதையைத் தோண்டாமலே அவரை மீட்டார்.

அடுத்தமுறை ஒருவரிடம் கேள்வி கேட்குமுன், 'இது நான் அறிய வேண்டியதா, அறிய ஆசைப்படுவதா?' என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம்.