ட்ரைபாட் இல்லாமல் ஒரு நொடி

அருவிப் படத்தில் நீர் பஞ்சுபோல் வழிய வேண்டும், பாறை மட்டும் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்றால், ஷட்டர் அரை நொடியாவது திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் யார் கையும் ஆடாமல் இருக்காது, அதற்குத்தான் ட்ரைபாட். இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் அந்த வேலையின் பெரும்பங்கை உள்ளே இருக்கும் சென்சாரே செய்துவிடுகிறது.

இந்த கேமராக்களில் சென்சார் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்காது. மின்காந்தங்களின் பிடியில் நகரக்கூடியதாக இருக்கும். கை எந்தப் பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்று கைரோ உணரிகள் ஓயாமல் அளக்க, அதை ஈடுகட்டும் அளவுக்குச் சென்சார் நகர்ந்து கொடுக்கும். 2003-இல் மினோல்டாவின் டிமாஜ் ஏ1 இந்த உத்தியோடு வந்தது. 2012-இல் ஒலிம்பஸ் ஓஎம்-டி இ-எம்5 ஐந்து வகை ஆட்டங்களையும் சமாளித்தது: மேலும் கீழும் சாய்வது, இடவலம் திரும்புவது, லென்ஸை அச்சாக வைத்துச் சுழல்வது, பக்கவாட்டில் நகர்வது, ஏறி இறங்குவது. இவற்றில் சுழற்சியை லென்ஸுக்குள் இருக்கும் நிலைப்படுத்தியால் திருத்த முடியாது. வட்டமான கண்ணாடியைச் சுழற்றினாலும் பிம்பம் சுழலாதே! சென்சார் சுழன்றால்தான் உண்டு.

எவ்வளவு நேரம் தாங்கும்? பழைய கணக்கு ஒன்று உண்டு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் 1/50 நொடி வரை கையில் பிடித்து எடுக்கலாம். சென்சார் நிலைப்படுத்தி தரும் உதவியை ஸ்டாப் என்ற அலகில் சொல்வார்கள்; ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் இந்த நேரம் இரட்டிக்கும். 5 ஸ்டாப் கிடைத்தால் 32 மடங்கு, அதாவது சுமார் 0.6 நொடி. 24 மி.மீ. லென்ஸில் அதுவே 1.3 நொடி. அகலக் கோண லென்ஸே இதற்கு ஏற்றது.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 வைத்தால் ஷட்டர் வேகம் ஏறக்குறைய 1/100 நொடிக்கு வரும். அதை 0.6 நொடிக்கு இழுக்க, லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி64 ஃபில்டர் தேவை. மர நிழலில் என்டி8 போதும்.

முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். சுவரோ மரமோ இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள். பட்டனைப் பாதி அழுத்தி, நிலைப்படுத்தி அடங்கியதும் மூச்சை மெல்ல விட்டபடி முழுதும் அழுத்துங்கள். ஒரே படமாக எடுக்காமல் தொடர்ச்சியாக நாலைந்து எடுங்கள். விரல் அழுத்தும் அதிர்வு முதல் படத்தில்தான் விழும்; நடுவில் உள்ளவை பெரும்பாலும் தேறும். எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் ஷட்டரின் அதிர்வும் இராது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: கேமரா திருத்துவது உங்கள் கையாட்டத்தை மட்டுமே. எதிரே அசைவது அசைந்தபடியேதான் பதியும். அருவிக்கு அதுதான் அழகு; பக்கத்தில் காற்றில் ஆடும் இலைக்கும், குளிக்கிறவர் முகத்துக்கும் அதுவே கேடு. ஆகவே ஒன்று அசையாமல் நிற்க, இன்னொன்று ஓடும் காட்சியைத் தேடுங்கள்: பாறையும் நீரும், கட்டடமும் கூட்டமும், நடைமேடையும் ரயிலும்.

விளம்பரத்தில் சொல்லும் 7, 8 ஸ்டாப் சோதனைக்கூடக் கணக்கு. உங்கள் கைக்கு எவ்வளவு என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். எழுத்துள்ள ஒரு பலகையை 1/4, 1/2, 1 நொடி என்று ஒவ்வொன்றிலும் பத்துப் படம் எடுத்து, முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பத்தில் பாதியாவது தெளிவாக வரும் வேகம் எதுவோ, அதை நம்பி வெளியே கிளம்பலாம்.