அறியாத மரக்கழலையும் கடைசல் உளியும்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவருள் கடைசல் வேலையைத் தொழிலாகவோ பொழுதுபோக்காகவோ கொண்டோர் உளர். விறகுக் கடையிலும் மரவாடியிலும் அவர்கள் கண்ணிற்படும் அரிய பொருள் ஒன்று உண்டு. அடிமரத்தில் புடைத்து நிற்கும் கழலையே அது. வெளிவராத மொட்டுக்கள் ஓரிடத்தில் திரளாகப் பெருகி, இழை ஒழுங்கின்றி வளர்வதால் இஃது உண்டாகிறது. கடைந்தால் எண்ணற்ற கண்களும் சுழிகளும் தோன்றும்.

‘இஃது எம்மரம்?’ என்ற வினாவே முதலில் எழும். பெயரை மட்டும் நம்புதல் தகாது. நாம் வேங்கை என்பதைக் கன்னடர் ஹொன்னே என்பர். இந்தி பேசுவோர் பீஜாசால் என்பர். சீசம் என்னும் பெயரோ நமது ஈட்டிக்கும், அதன் இனத்ததாகிய மற்றொரு வடநாட்டு மரத்திற்கும் வழங்குகிறது. ஆகவே மரத்தையே வினவுதல் வேண்டும்.

கழலையின் இழை குழம்பியிருக்குமாதலால், அதனை ஒட்டிய நேரிழைப் பகுதியின் குறுக்குவெட்டைக் கூரிய கத்தியாற் சீவி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் நோக்குக. தேக்கில் பெருந்துளைகள் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் வரிசையாய் நிற்கும். மாவில் எங்கும் பரவியிருக்கும். வேங்கையின் வைரச் சீவலை நீரில் ஊறவைத்து, கருந்துணி முன் வெயிலிற் பார்த்தால் நீலவொளி தோன்றும். ஐயம் தீராதாயின், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பிட்டுக் காண மரமாதிரித் தொகுப்பு உண்டு.

இவ்வாராய்ச்சி வெறும் ஆவலுக்கன்று. சில மரங்களின் தூள் அரிப்பையும் இழுப்பையும் உண்டாக்கும். மேலும், மரத்தூள் புற்றுநோய் விளைக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வுக் கழகம் 1995-இல் வெளியிட்டது. எம்மரமாயினும் மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் மூடுக. பெயர் அறியாத கழலையில் உணவுக் கலம் கடையாதீர்.

ஈரக் கழலையை உடனே மெலிதாகக் கடைந்தால் கோணும், வெடிக்கும். 10 அங்குலக் கிண்ணமாயின், சுவரை 1 அங்குலப் பருமனுக்கு முதலிற் கடைந்து, நிழலிற் சில மாதம் உலரவிட்டு, பின்னரே முடிக்க வேண்டும். பட்டையும் பொந்தும் உள்ளே மறைந்திருக்கும். ஆதலின் குறைந்த வேகத்தில் தொடங்கி, கூர் தீட்டிய உளியால் சிறிது சிறிதாகவே சீவுக. துண்டு தெறித்துப் பாயக்கூடிய நேரில் நில்லாது ஒதுங்கி நிற்க. முகத்திற்குக் காப்பு அணிக. மேல்துண்டும் தொளதொளத்த சட்டைக்கையும் பட்டறைக்கு ஆகா.

விறகாய்ப் போகவிருந்த கழலை இவ்வாறு பல்லாண்டு விளங்கும் கலமாகும். கலத்தைப் போலவே கடைபவர் கண்ணும் மூச்சும் காக்கப்படுதல் வேண்டும்.